கோட்டுக்குப் பின்னால் விழும் அடி

மறுபடியும் ஸ்நேர் பின்னால் விழுந்திருக்கிறது. கொஞ்சம்தான். காதில் கேட்டால் தெரியாது, சொல்லப்போனால் காதில் கேட்டால் நன்றாகவே இருக்கிறது, திரையைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது. கிக் கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது, ஹை-ஹேட் கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது, ஸ்நேர் மட்டும் ஒவ்வொரு முறையும் கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை வலது பக்கம் தள்ளி. வலது பக்கம் என்றால் தாமதம். இந்தத் திரையில் நேரம் இடமிருந்து வலமாக ஓடுகிறது, தாளம் எங்கே விழவேண்டுமோ அங்கெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரு செங்குத்துக் கோடு, நான் தட்டிய ஒவ்வொரு அடியும் ஒரு சின்னப் பச்சைக் கட்டம். என் வேலை சினிமாப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசிப்பது, ஆனால் வீட்டில் டிரம்ஸ் கிடையாது, மேசையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பெட்டி இருக்கிறது, அதன்மேல் ரப்பர் சதுரங்கள், அதை விரலால் தட்டினால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிரம்ஸ் வாசிக்கும். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ரிதம் புரோகிராமிங் ரோஸ்லின் என்று ஒரு வரி வரும், அதற்குள் ஜனங்கள் செருப்பைத் தேடி எழுந்து போயிருப்பார்கள், துடைப்பத்தோடு வருகிறவர்தான் படிக்கவேண்டும். வலது கையில் தும் என்று விழும் கிக்கும் ச்சிக் என்னும் தட்டு ஹை-ஹேட்டும், இடது கையில் டப் என்று அறையும் ஸ்நேர். தர்ஷன், இந்தப் படத்துக்கு இசையமைக்கும் பையன், பையன் என்றால் முப்பது வயது, காலையில் போனில் சொன்னது, "அக்கா, இந்தப் பாட்டுக்கு மட்டும் லைன்ல வெக்காதீங்க. லூப்பும் வேணாம். நீங்க முழுசா வாசிங்க, எப்படி விழுதோ அப்படியே உடுங்க." எப்படி விழுகிறதோ அப்படி. முதலில் வாசித்ததைத் திரையில்கூடப் பார்க்காமல் ரஃபாக அவனுக்கு அனுப்பிவிட்டு, அப்புறம்தான் பெரிதாக்கிப் பார்த்தேன், இப்படித்தான் விழுகிறது. கம்ப்யூட்டர் தாமதிக்கிறதோ என்னவோ. தட்டியதைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு சத்தமாகத் திருப்பித் தருவதற்கு ஒரு நேரம் பிடிக்கும், லேட்டன்சி என்போம், அந்த நேரத்தைக் குறைத்துவைக்க ஒரு எண் இருக்கிறது, அதைக் குறைத்தேன். மறுபடி வாசித்தேன். ஸ்நேர் பின்னால். கம்ப்யூட்டர் தாமதிப்பதாக இருந்தால் மூன்றையும் சேர்த்துத்தானே தாமதிக்கவேண்டும், ஸ்நேரோடு மட்டும் அதற்கு என்ன பகை என்று ஒரு குரல் கேட்டது, என் குரல்தான், நான் அந்த எண்ணை இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.

இத்தனை வருஷம் இதைப் பார்க்க எனக்கு வாய்ப்பே வரவில்லை. வாசித்து முடித்ததும் ஒரு பட்டனை அழுத்துவேன், குவாண்டைஸ் என்று பெயர், அழுத்தினால் முன்னால் விழுந்தது பின்னால் விழுந்தது எல்லாம் ஓடிப்போய் அதனதன் கோட்டில் நின்றுகொள்ளும், ஸ்கூலில் ஹெட்மாஸ்டர் வருகிறார் என்றதும் நாங்கள் நிற்போமே அப்படி. யோசித்து அழுத்துவதல்ல, வாசித்த கை திரும்பி வரும்போதே அந்தப் பட்டனைத் தட்டிவிட்டுத்தான் வரும். எல்லா இசையமைப்பாளருக்கும் டைட்டாக வேண்டும். டைட்டாக இருந்தால் மெஷின் மாதிரி இருக்கிறது என்பார்கள், அதற்கும் ஒரு பட்டன் உண்டு, ஹ்யூமனைஸ், மனிதத்தனம் எத்தனை சதவீதம் வேண்டும் என்று கேட்கும். பத்து சதவீதம் மனிதத்தனம் போட்டால் கட்டங்கள் இங்கே அங்கே சிதறும். ஆக முதலில் நான் செய்த தப்பை எடுத்துவிட்டு அப்புறம் மெஷின் செய்யும் தப்பைப் போட்டு அனுப்புவோம், கேட்டுவிட்டு, ஆஹா என்ன ஃபீல் என்பார்கள். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது, சிரிப்புதான். ஆனால் மெஷின் போடும் தப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஒன்று முன்னால் விழும், ஒன்று பின்னால் விழும், எந்தப் பக்கமும் சாயாது. இது அப்படி இல்லை. இது ஒரே பக்கம் சாய்கிறது, ஒரே கையில் சாய்கிறது. கை என்று சொல்லக்கூடாது, ஸ்நேர் என்று சொல்லவேண்டும், இன்னும் எதுவும் தெரியாதே. கேபிளைப் பிடுங்கி வேறு கேபிள் போட்டேன். அந்தப் பெட்டியின் ஸ்நேர் சதுரத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், ரப்பர் நடுவில் பளபளவென்று தேய்ந்திருந்தது, ஆஹா என்றேன், வாய்விட்டே சொன்னேன், தேய்ந்த ரப்பர் அடியைத் தாமதமாகத்தான் வாங்கும். பக்கத்துச் சதுரத்துக்கு ஸ்நேரை மாற்றிக்கொண்டேன், அது புத்தம்புதிது, அதிகம் தொட்டதேயில்லை. வாசித்தேன். பச்சைக் கட்டங்கள் வரிசையாக வந்து விழுந்தன, ஸ்நேர் பின்னால். அதோடு இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். கட்டங்களுக்குக் கீழே ஒவ்வொரு அடிக்கும் ஒரு குச்சி நிற்கும், ஓங்கி அடித்தால் உயரக் குச்சி, மெல்ல அடித்தால் குட்டைக் குச்சி. ஸ்நேரின் குச்சிகள் தொடக்கத்தில் உயரமாக இருந்து, போகப்போக, சரணம் வரும்போது, சீராகக் குறைந்துகொண்டே வந்தன. நான் குறைத்து வாசிக்கவில்லை. ஒரே பலத்தில்தான் வாசித்தேன் என்று கோயிலில் வைத்துக்கூட சத்தியம் பண்ணுவேன்.

குறைந்துகொண்டே வரும் குச்சிகளை நான் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன், திரையில் அல்ல. அப்பாவை முதன்முதலில் கூட்டிப்போன அன்று, டாக்டர் அவரைத் தன் எதிரில் உட்காரவைத்து, ஐயா, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நல்லா விரிச்சு விரிச்சுத் தட்டுங்க, வேகமா, நிறுத்தாம, என்று சொன்னார். தானும் தட்டிக்காட்டினார். நானும் அம்மாவும் சுவர் ஓரமாக நாற்காலியில். அப்பா முதலில் வலது கையில் தட்டினார், குஷியாகவே தட்டினார், பரீட்சை சுலபம் என்பது மாதிரி எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு இடது கை. அப்பா இடது கைக்காரர், அதுதான் அவருடைய கை, ரயில் பெட்டிக்கு வெல்டிங் வைத்த கை. நன்றாக விரித்துத்தான் ஆரம்பித்தார். தட்டத்தட்ட விரல்களுக்கு நடுவில் இருந்த இடைவெளி குறைந்தது, குறைந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே தேய்ப்பது மாதிரி ஆகி, அப்புறம் ஒரு இடத்தில் சும்மா நின்றுவிட்டது. நிறுத்தினது யார் என்று அப்பா விரல்களைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும், அம்மாவுக்கு வந்தது. எனக்கு வந்தது வேறு. தொழில் புத்தி எங்கே போகும், நான் கால் கட்டைவிரலால் செருப்புக்குள் தாளம் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன், வலது கை டெம்போவில் இருக்கிறது, இடது கை பின்னால் சாய்கிறது, பலமும் போகிறது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டிருந்தேன். குவாண்டைஸ் பண்ணினால் சரியாகிவிடும் என்றுகூட ஒரு நொடி ஓடியது. டாக்டர் சொன்ன பெயர் பார்க்கின்சன். அம்மா இன்றுவரை நரம்பு வீக்னஸ் என்றுதான் சொல்கிறாள், மாதா கோயிலில் யார் கேட்டாலும் நரம்பு வீக்னஸ், கேட்கிறவர்களும் நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இது பிள்ளைகளுக்கு வருமா என்று வெளியே வரும்போது அம்மா கேட்டாள், டாக்டர், ரொம்ப அபூர்வம்மா, அதையெல்லாம் போட்டுக் குழப்பிக்காதீங்க என்றார். நான் குழப்பிக்கொள்ளவில்லை. இன்றைக்குக் காலை வரைக்கும் அதை நினைத்ததுகூட இல்லை. இப்போதும் நினைக்கவில்லை, ஏசியைத்தான் நினைக்கிறேன், ஏசி காற்று நேராக இடது தோளில் இறங்குகிறது, தோள் பிடித்துக்கொண்டால் கை மந்தமாகத்தான் இருக்கும், இது யாருக்கும் நடக்கிற விஷயம்.

ஏசியை நிறுத்தினேன். இந்த அறை ஒரு காலத்தில் படுக்கையறை, சத்தம் வெளியே போகாமல் இருக்க சுவர் நிறைய பஞ்சு ஒட்டி ஜன்னலை அடைத்து ஸ்டுடியோ என்று பெயர் வைத்திருக்கிறோம், ஏசி நின்றால் இட்லிப் பானைதான். வியர்வை முதுகில் இறங்கும்வரை காத்திருந்தேன், கையை உள்ளங்கையோடு உள்ளங்கை தேய்த்துச் சூடாக்கினேன், விரல்களை ஒவ்வொன்றாகச் சொடக்கு எடுத்தேன், இடது கை சுண்டுவிரல் மட்டும் சொடக்கு விழவில்லை, அது எப்போதுமே விழாது, எப்போதுமே விழாதா என்று யோசித்தேன், நினைவில்லை. இதையெல்லாம் செய்கிறாயே, ஒரு நிமிடம்கூட ஆகாத காரியம் ஒன்று இருக்கிறதே, அதைச் செய்தாயா என்று மறுபடி அந்தக் குரல். கையை மாற்றிப்போட்டு வாசி. ஸ்நேரை வலது கையில் எடுத்துக்கொள், கிக்கை இடது கைக்குக் கொடு, ஹை-ஹேட் வலதிலேயே இருக்கட்டும். ஸ்நேர் அப்போதும் பின்னால் விழுந்தால் பெட்டியில் கோளாறு, மெஷினில் கோளாறு, கழற்றிக் கடையில் கொடுத்துவிடலாம். கிக் பின்னால் விழுந்தால். இந்த வாக்கியத்தை இதோடு நிறுத்திக்கொண்டு கீபோர்டில் தூசி தட்டினேன். இந்த யோசனை எனக்கு இப்போது வந்ததல்ல, முதல் தடவை ஸ்நேர் பின்னால் விழுந்ததைப் பார்த்தபோதே வந்துவிட்டது, எந்தப் புரோகிராமருக்கும் முதலில் வருவது அதுதான், ஒரு சத்தம் மக்கர் பண்ணினால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்போம். அதைத் தவிர எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறேன். இப்படியே இன்னும் எத்தனை கேபிள் மாற்றலாம் என்று பார்த்தேன், வீட்டில் வேறு கேபிள் இல்லை.

அம்மா கதவைத் தட்டினாள். "ரோசி, சாப்ட வரியா இல்லியா? அப்பா உனக்காக ஒக்காந்துனு இருக்காரு, கொழம்பு ஆறிடும்." அப்பா எனக்காக உட்கார்ந்திருக்கவில்லை, அப்பா உட்கார்ந்திருக்கிறார் அவ்வளவுதான், ஆனால் அம்மா எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கொடுத்துவிடுவாள், காரணம் இல்லாமல் ஒரு மனிதன் நாற்காலியில் இருப்பதை அவளால் தாங்கிக்கொள்ள முடியாது. கூடத்து வெளிச்சத்தில் கண் கூசியது. சங்கரா மீன் குழம்பு, வாழைக்காய் வறுவல், அப்பாவுக்கு முள் எடுத்து வைத்திருந்தாள், ஸ்பூன் வைத்திருந்தாள். வலது கையில் ஸ்பூன் பிடிக்க அவர் பழகிக்கொண்டுவிட்டார், எழுபது வயதுக்குமேல் கை மாற்றிக்கொள்வது சாதாரணமில்லை, இதுபற்றி அவர் ஒரு வார்த்தை குறைபட்டுக்கொண்டதில்லை. நான் உட்கார்ந்து, சாப்பிட்டு, இடது கையை மடியில் வைத்துக்கொண்டேன், எல்லோரும் வைத்துக்கொள்கிற மாதிரிதான், ஆனால் அது அங்கே இருப்பது தெரிந்துகொண்டே இருந்தது, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரியுமே அந்த மாதிரி. "இன்னாத்துக்கு இப்டி வேர்த்துனு இருக்க? ஏசி போட்லியா?" என்றாள் அம்மா. "போட்டேன், நிறுத்திட்டேன். பேடு மக்கர் பண்ணுதும்மா. ஸ்நேரு லேட்டா விழுது. கேபிள் மாத்திப் பாத்துட்டேன், எல்லாம் மாத்திப் பாத்துட்டேன்." இதை நான் அம்மாவுக்குத்தான் சொன்னேன், அம்மாவுக்கு பேடு என்றால் அந்த ரப்பர் பெட்டி என்றே தெரியாது, அதனால்தான் சொன்னேன். அப்பா ஸ்பூனை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இப்போது எதுவும் எழுதியிருக்காது, கோபமா சிரிப்பா என்று கண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும், கண் என் முகத்தில் இல்லை, மேசைக்குக் கீழே என் மடி இருக்கும் இடத்தில் இருந்தது. ஏதோ சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. அவரிடம் ஒன்று சொன்னால் அது போய்ச் சேர்ந்து, பதில் அங்கிருந்து கிளம்பி வந்து சேருவதற்குள் நாங்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்போம், இதையும் நான் லேட்டன்சி என்றுதான் வைத்திருக்கிறேன், அம்மாவிடம் ஒருமுறை சொன்னதற்கு அடிக்க வந்தாள். "அப்ப புச்சு வாங்கிடேன்," என்றாள் அம்மா, "ரிப்பேர் பண்ணி ரிப்பேர் பண்ணி இன்னா பண்ணப்போற? வறுவல் போட்டுக்கோ."

புதுசு வாங்கிவிடு. அப்பாவும் புதுசு வாங்கினார். எங்கள் தெருமுனை கேரம் மன்றத்தில் சூசைநாதன் என்றால் எதிரில் உட்கார ஆள் தயங்கும், இடது கைக்காரர் அடிக்கும் கோணம் யாருக்கும் பிடிபடாது. ஒரு மழைக்காலத்தில் அவர் அடிக்கும் ஸ்டிரைக்கர் பாதி வழியில் நிற்க ஆரம்பித்தது. காயைப் போய்த் தொடும், தள்ளாது. ஈரம், என்றார், போர்டு ஈரம் குடித்துவிட்டது. பவுடர் மாற்றினார். மழை போய் வெயில் வந்தது, ஸ்டிரைக்கர் பாதி வழியில் நின்றது. ஸ்டிரைக்கர் சரியில்லை என்று வேறு ஸ்டிரைக்கர், அது கனம் என்று இன்னொன்று. ஸ்டாண்டுக்குக் கீழே நியூஸ்பேப்பர் மடித்துவைத்து மட்டம் பார்த்தார், வெல்டர் இல்லையா, குமிழி மிதக்கிற மட்டக்கோலை எடுத்துக்கொண்டே போய்ப் பார்த்தார். மட்டம் சரியாக இருந்தது. அப்போதும் போர்டு வளைந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத வளைவு என்று மன்றத்தில் சண்டை போட்டு, தன் செலவில் புது போர்டு வாங்கி, அம்மா ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் கொண்டுவந்தோம். ஜம்மென்று இருந்தது. அதில் அவர் ஒரே ஒரு சாயங்காலம் விளையாடினார். மறுநாளிலிருந்து மன்றத்துக்குப் போகவில்லை, ஏன் என்று கேட்டதற்கு இப்போதெல்லாம் போர்டு எதுவுமே ஒழுங்காகச் செய்வதில்லை, மரம் சரியில்லை என்றார், நாங்கள் நம்பினோம், மரம் சரியில்லை என்று அம்மா பக்கத்து வீட்டிலும் சொன்னாள். டாக்டரிடம் போனது அதற்கு ரொம்ப நாள் கழித்து, நடக்கும்போது அவருடைய இடது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டே வருகிறதே என்று யாரோ சொல்லி. வறுவலை மென்றுகொண்டே இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது, துக்கம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, யாரோ ஒருவருடைய கதையைக் கேட்டு, அடடா அந்த ஆள் போர்டைப்போய்க் குறை சொல்லியிருக்கிறாரே என்று நினைப்பது போலத்தான் இருந்தது, நினைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கொண்டேன், பசி நன்றாகவே இருந்தது. அம்மாவின் பேச்சு அதற்குள் கோயில் கொடியேற்றத்துக்குப் போய்விட்டது, இந்த வருஷம் பந்தல்காரன் யார், போன வருஷம் மழையில் ஒழுகியது, ஃபாதர் இதையெல்லாம் கேட்கமாட்டார். நான் ம் ம் என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டு துண்டில் துடைத்தேன்.

"போர்டு நல்லாத்தான் இருந்துச்சு, ரோசி."

அப்பாவின் குரல் இப்போது மெலிந்துபோய் ஒரே சுருதியில் வரும். நான் துண்டோடு திரும்பினேன். "எந்தக் காலத்துக் கதைய இப்ப பேசறீங்க, அவ பந்தலப் பத்திப் பேசினு இருக்கா, சாப்டுங்க," என்றாள் அம்மா, பந்தலைப்பற்றிப் பேசியது தான்தான் என்பதை மறந்துவிட்டு. அப்பா அவளைப் பார்க்கவில்லை. வார்த்தைகளைத் தேடி எடுத்துக் கொண்டுவந்தார். "பஸ்ட்டே தெரியும் எனக்கு. போர்டு நல்ல போர்டு." அவ்வளவுதான். ஸ்பூன் மறுபடி கிளம்பித் தட்டுக்குப் போனது. அப்பா, தெரிந்துகொண்டேவா அந்த போர்டை ஆட்டோவில் கொண்டுவந்தீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை, அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடமே இருந்தது, ஏசியை நிறுத்தி வியர்வையில் நனைந்து கூடத்தில் நின்றுகொண்டிருந்தது. துண்டைக் கொடியில் போட்டேன். எந்தக் கையால் போட்டேன் என்று பார்த்தேன். கூடத்திலிருந்து ஸ்டுடியோவுக்குப் பத்தடி நடை இருக்கும், அதற்குள் நடப்பது எப்படி என்று எனக்கு மறந்துவிட்டது, கை தானாக வீசுகிறதா நான் வீசுகிறேனா என்று தெரியவில்லை, வேண்டுமென்றே வீசி நடந்தேன், போலீஸ்காரர் அணிவகுப்பு மாதிரி இருந்திருக்கும், முதுகில் அப்பாவின் பார்வை இருந்தது.

கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கையை மாற்றுவதற்கு முன்னால் எனக்கு என்ன போய்விடும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், பயந்து போட்ட கணக்கல்ல, நிதானமாகவே. தொழில் போகாது. அதுதான் வேடிக்கை. விரலால் தட்டாமல் மவுஸால் ஒவ்வொரு கட்டமாக எடுத்துக் கோட்டில் வைத்தே பாதிப்பேர் பிழைக்கிறார்கள், குவாண்டைஸ் பட்டன் இருக்கும்வரை என் கைக்கு எந்த நோயும் கிடையாது, உலகத்துக்குத் தெரியவே தெரியாது, பெயர்கள் ஓடும்போது ரோஸ்லின் என்ற வரியும் ஓடிக்கொண்டிருக்கும். போவது வேறு. புடவைக்குக் கொசுவம் வைக்க ஒரு கை போதாது. மீனில் முள் எடுக்க ஒரு கை போதாது. அம்மாவுக்கும் வயதாகிறது, அப்பாவைக் குளிப்பாட்டத் தோளில் தாங்கிப்பிடிப்பது இப்போது நான், என்னைத் தாங்கிப்பிடிக்க யார் என்று இதுவரை யோசிக்கவேண்டியிருக்கவில்லை, கல்யாணம் வேண்டாம் என்றபோது, பண்ணிக்கொள் என்று அம்மா சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று, அப்போது சிரித்தேன். அப்புறம் முகம். சிரித்தாலும் சிரிக்காத முகம். போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த போட்டோவில் அப்பா மட்டும் வேறு ஏதோ வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருக்கிறார். பயமாக இருந்தது. இத்தனை நேரம் வேறு வேறு பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன், ரப்பர், கேபிள், குளிர் என்று, பயம்தான் அது.

கையை மாற்றினேன். வலது கை ஸ்நேர்மேல், இடது கை கிக்மேல். கிளிக் சத்தம் காதில் ஓடியது, அது எல்லாப் பாட்டுக்கும் ஒரே மாதிரி, டிக் டிக் டிக் டிக், எந்தத் தயவும் கிடையாது அதற்கு. வாசித்தேன். புதுக் கையில் வாசிப்பதால் தடுமாறும் என்று நினைத்தேன், அப்படித் தடுமாறினால் எதுவும் நிரூபணமாகாது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று விட்டுவிடலாம், உள்ளுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டேன். தடுமாறவில்லை. இத்தனை வருஷம் வாசித்த கை, சுலபமாகவே வந்தது. கொஞ்ச நேரத்தில் வாசிப்பது மறந்து, ஸ்கூல் படிக்கும்போது கோயில் பாடற்குழுவில் பெஞ்சில் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன் வராத ஞாயிற்றுக்கிழமையில் என்னை உட்காரவைத்தார்கள், கால் பெடலுக்கு எட்டவில்லை, அது ஞாபகம் வந்தது, அன்றைக்கும் இந்த இடது கையில்தான் ஸ்நேர். சரணம் முடியும்வரை வாசித்துவிட்டு நிறுத்தினேன். உடனே பார்க்கவில்லை, கொஞ்சம் தண்ணீர் குடித்தேன், பாட்டிலை எந்தக் கையால் எடுத்தேன் என்று பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். பிறகு திரையைப் பெரிதாக்கினேன். ஸ்நேர் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு ஸ்நேரும், கடைசிவரை, குச்சிகள் எல்லாம் ஒரே உயரம். கிக் ஒரு மயிரிழை வலது பக்கம் தள்ளி இருந்தது, முதலில் ஒரு மயிரிழை, சரணத்தில் அதைவிடக் கொஞ்சம் கூட, அதன் குச்சிகள் ஒன்றுக்கொன்று குறைந்து இறங்கிக்கொண்டே போயின. பெட்டி நல்ல பெட்டி. கேபிள், ரப்பர், மெஷின் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன.

கை என்றுதான் தெரிந்தது, நோய் என்று தெரியவில்லை, இதை எனக்கு நானே ரொம்பப் பொறுமையாகச் சொன்னேன், கழுத்து எலும்பில் நரம்பு மாட்டிக்கொண்டாலும் இப்படி ஆகும், நாள்பூராவும் குனிந்தே உட்கார்ந்திருக்கிறாய், அந்த டாக்டர் பெயரை அம்மாவிடம் கேட்கவேண்டும், அம்மாவிடம் கேட்டால் எதற்கு என்பாள், அப்பாவிடம் கேட்கலாம், அவர் எதற்கு என்று கேட்கமாட்டார். அவரிடமே கேட்பது என்று முடிவு பண்ணினேன், பதில் வந்துசேரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஏசியைப் போட்டேன். ஸ்நேரைப் பழைய சதுரத்துக்கே மாற்றினேன், தேய்ந்த ரப்பர்தான் விரலுக்குப் பழக்கம். விரல் தானாகப் போய் குவாண்டைஸ் பட்டன்மேல் நின்றது, வழக்கம், காலையில் வாசித்த அந்த முதல் டேக் திரையில் இருந்தது, அழுத்தினால் எல்லாம் கோட்டுக்கு வந்துவிடும், நான் எதையும் பார்க்கவில்லை என்றாகிவிடும். அப்போது போன் அடித்தது. தர்ஷன்.

"அக்கா! காலைல ஒரு ரஃப் அனுப்பினீங்கல்ல, சான்ஸே இல்லக்கா. இங்க எல்லாரும் திரும்பத் திரும்ப அதையே கேட்டுனு இருக்கோம். அந்த ஸ்நேரு, லைட்டா பின்னாடி சாயுது பாருங்க, சரணம் வர வர இன்னும் இறங்குது, யப்பா. பாட்டே அதுலதான் நிக்குது. அத எப்டிக்கா பண்ணீங்க?"

பண்ணவில்லை என்று சொல்லலாம். அது தப்பு, அதைச் சரிபண்ணித்தான் அனுப்பப்போகிறேன் என்று சொல்லலாம். திரையில் அந்தப் பச்சைக் கட்டங்களைப் பார்த்தேன். கோட்டைத் தாண்டி, கொஞ்சம் தயங்கி, ஆனால் ஒவ்வொரு தடவையும் வந்து விழுந்திருக்கின்றன, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. காலையிலிருந்து இதைக் கோளாறாகவே பார்த்துவிட்டதால் காதால் ஒழுங்காகக் கேட்கவே இல்லை என்று அப்போதுதான் தோன்றியது. நன்றாகத்தான் இருக்கிறது. அவன் சொல்வது வாஸ்தவம்.

"அது அப்படித்தான் விழுந்துது," என்றேன்.

"அப்டியே உடுங்கக்கா, தொடவே தொடாதீங்க. அதே ஃபீல்ல மொத்தப் பாட்டும் வாசிச்சுக் குடுத்துடுங்க. அவசரமே இல்ல, மிக்ஸிங்குக்கு இன்னும் நாள் இருக்கு. கோயில் திருவிழால்லாம் இருக்குன்னீங்கல்ல? அதெல்லாம் முடிச்சிட்டு, அடுத்த மாசம் நிதானமா வாசிங்க, போதும்."

அடுத்த மாதம். அதே ஃபீல். இடது கையை எடுத்து ஸ்நேர் சதுரத்தின்மேல் வைத்தேன்.

"வேணாம் தர்ஷன்," என்றேன். "இன்னிக்கே வாசிச்சிடறேன்."

"எதுக்குக்கா அவசரம்?"

"கை இப்ப சூடா இருக்கு."

போனை வைத்துவிட்டுச் சிவப்புப் பட்டனை அழுத்தினேன். கிளிக் ஓட ஆரம்பித்தது.